தார் முடிகிற இடத்தில் எந்த வண்டி?

எங்களிடம் இருப்பது பதினொரு வருடப் பழைய 100 சிசி வண்டி ஒன்று, ஸ்கூட்டர் ஒன்று. ஆட்கள் நான்கு பேர். குமணன்சாவடியில் மாங்காடு சாலை பிரிகிற முனைக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் ஒரு அறைதான் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் மெட்ரோ தூண்கள், பூந்தமல்லி பேருந்துகளின் ஹாரன். இங்கிருந்து கிளம்பி திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் காலனிகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போய்வருவது எங்கள் வேலை. வன்கொடுமை நடந்த இடத்தில் உண்மை அறிதல், சாட்சி சொல்லப் போகிறவரோடு நீதிமன்றம் வரை கூடப் போவது, பட்டா மனு, பள்ளியிலிருந்து நின்றுவிட்ட பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மாதத்துக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறோம்.

பழைய வண்டியை மாற்றியாக வேண்டும் என்ற பேச்சு ஆறு மாதமாக நடக்கிறது. என்ன வாங்குவது என்பதில்தான் சண்டை. எங்களில் இளையவன் முதல் நாளே சொல்லிவிட்டான்: "அட்வென்ச்சர் பைக் வாங்கலாம்ணா." எங்கள் வழக்கறிஞர் அக்கா சிரித்தார். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, ஹெல்மெட்டில் கேமரா, லடாக்கில் கொடியோடு ஒரு போட்டோ. அப்படிப் போகிறவர்களுக்குச் செய்த வண்டி அது. அவன் விடவில்லை. "லடாக் ரோட்டுக்கு அவங்க வருஷத்துல பத்து நாள் போறாங்க. நாம காலனி ரோட்டுக்கு வாரத்துல நாலு நாள் போறோம். யாருக்குக்கா இந்த வண்டி வேணும்?"

களப்பணிக்குப் போயிருக்கும் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற சாலை ஊர் வரைக்கும் தார். கோயில் தெரு சிமெண்ட். ஊரைத் தாண்டி ஏரிக்கரையில் ஏறி இறங்கினால் காலனி. அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் சில இடத்தில் செம்மண். சில இடத்தில் ஜல்லியைக் கொட்டி அதற்குமேல் ஒன்றும் போடாமல் விட்டது. சூளைப் பக்கம் லாரி டயர் தோண்டிய முழங்கால் ஆழப் பள்ளம். மழை பெய்தால் வாய்க்கால். எல்லாக் காலனியும் இப்படி என்று சொல்லவில்லை. நல்ல சாலை உள்ள காலனிகளும் உண்டு, பெரும்பாலும் மனு மேல் மனு போட்டு, மறியல் செய்து வாங்கியவை. எங்களுக்கு போன் வருவது மற்ற இடங்களிலிருந்துதான்.

போன கார்த்திகையில் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் கூட்டம் முடித்துக் கிளம்பும்போது எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் ஏரிக்கரை வரைதான் வர முடிந்தது. நடுவில் முக்கால் கிலோமீட்டர், முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். எங்கள் வண்டியின் சைலன்சர் முழுகி நின்றுபோனது. கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரும் குழந்தையும் பிழைத்தார்கள். பெரிய வண்டி இருந்திருந்தால் ஏற்றிப் போயிருக்கலாம் என்று சொல்ல வரவில்லை, அந்த நிலையில் அவரை எந்த இருசக்கர வண்டியிலும் ஏற்ற முடியாது. ஆனால் கரைக்கு ஒருவர் முன்னால் போய் ஸ்ட்ரெச்சரையும் ஆட்களையும் கூட்டி வந்திருக்கலாம். அந்த இருபது நிமிடத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

எனவே சிரிப்பை விட்டுவிட்டு உட்கார்ந்து ஒப்பிட்டோம்.

ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை வேண்டும். நாட்டில் அதிகம் விற்கிற ஸ்பிளெண்டரையே எடுத்துக்கொண்டோம்: எடை 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர், தரையிலிருந்து வண்டியின் அடிவயிற்றுக்கு 165 மில்லிமீட்டர். அட்வென்ச்சர் வண்டி என்று விற்கப்படுவதற்கும் இதற்கும் முதல் வித்தியாசம் அந்த மூன்றாவது எண்ணில் இருக்கிறது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200க்கும் ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411க்கும் 220. புதிய ஹிமாலயன் 450க்கு 230. சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸுக்கு 205. ஐந்தாறு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். லாரித் தடத்துக்கு நடுவில் மேடாக நிற்கிற மண்ணில் இன்ஜின் இடிக்குமா இடிக்காதா என்பதை அந்த ஐந்தாறு சென்டிமீட்டர்தான் முடிவு செய்கிறது.

இரண்டாவது, முன்சக்கரம். எக்ஸ்பல்ஸுக்கும் இரண்டு ஹிமாலயனுக்கும் 21 அங்குலம். வி-ஸ்ட்ரோம், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ், ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் செய்யப்பட்டு ஜெர்மன் பெயரோடு வந்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் எல்லாவற்றுக்கும் 19. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதன்மேல் உருண்டு போகும். சின்னது தார்ச் சாலையில் சுலபமாகத் திரும்பும். 19 அங்குலக்காரர்கள் உண்மையில் நீண்ட தூரத் தார்ச் சாலைக்கும் கொஞ்சம் மண்ணுக்குமாகச் செய்தவர்கள். நாங்கள் ஓட்டுவதிலும் பெரும்பகுதி தார்தான், ஆனால் தாரில் எந்த வண்டியும் போகும்.

குதிரைத்திறன் பட்டியலை அதிக நேரம் பார்க்கவில்லை. கேடிஎம் 390 அட்வென்ச்சர் 2020ல் வந்தபோது 43 குதிரைத்திறன், சீட் உயரம் 855 மில்லிமீட்டர். இளையவன் அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் புரட்டினான். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் சேற்றில் போகிறவர்களுக்கு 43 எதற்கு? அங்கே வேண்டியது குறைந்த வேகத்தில் திணறாமல் இழுக்கும் விசை. அதில் ஹிமாலயன் 411 நல்ல வண்டி: 24 குதிரைத்திறன்தான், ஆனால் 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கிறது. எக்ஸ்பல்ஸ் 200 அதில் பாதியை ஒட்டித்தான், 17. இரண்டு பேர் உட்கார்ந்து ஏரிக்கரைச் சரிவில் ஏறும்போது இந்த வித்தியாசம் தெரிகிறது.

இதுவரை எந்த விளம்பரத்திலும் கிடைக்கிற செய்தி. எங்கள் கேள்வி வேறு: இதை எங்களில் யாரெல்லாம் ஓட்ட முடியும்?

எங்கள் நால்வரில் இருவர் பெண்கள். வழக்கறிஞர் அக்காவின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இரவில் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தால் முதலில் கிளம்ப வேண்டியவர் அவர்தான். அவர் ஓட்ட முடியாத வண்டி எங்களுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் கொடுத்தாலும் பயன் இல்லை. ஒப்பிட்டு எழுதுகிற பெரும்பாலானவர்கள் ஐந்தடி பத்து அங்குல ஆண்கள். ‘சராசரி உயரம் உள்ள ஓட்டுநருக்குச் சிரமம் இல்லை’ என்று எழுதுவார்கள். யாருடைய சராசரி என்று எழுத மாட்டார்கள்.

நண்பர்களிடம் ஒரு ஹிமாலயன் 411, ஒரு எக்ஸ்பல்ஸ் 200 4வி இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கிக்கொண்டு செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு காலி மனைக்குப் போனோம். ஹிமாலயனின் சீட் உயரம் 800, எக்ஸ்பல்ஸ் 825. காகிதத்தில் ஹிமாலயன்தான் குட்டையானவர்களுக்கு வசதி. அக்கா உட்கார்ந்தார். ஹிமாலயனில் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டது. எக்ஸ்பல்ஸில் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை மட்டும்தான் ஊன்ற முடிந்தது. சரி, முடிந்தது என்று நினைக்கும்போது அவரே சொன்னார்: "ரெண்டையும் கீழ படுக்க வைங்க. தூக்கிப் பாக்கிறேன்."

உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கி, கிராஷ் கார்டு தரையில் படும்படி மெதுவாகச் சாய்த்தோம். சேற்றில் ஓட்டுகிறவர் என்றாவது விழுவார். விழுந்த வண்டியைத் தனியாளாக நிமிர்த்த முடியுமா என்பது சீட் உயரத்தைவிட முக்கியம். தூக்க ஒரு முறை உண்டு: ஹேண்டிலை முழுதாக ஒரு பக்கம் திருப்பிப் பூட்டி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை வைத்து, காலால் பின்னோக்கி நடக்க வேண்டும். கையால் தூக்கக் கூடாது, முதுகு போய்விடும். ஹிமாலயன் 199 கிலோ. இளையவன் இரண்டாம் முயற்சியில் தூக்கினான். மற்ற மூவரால் முடியவில்லை. எக்ஸ்பல்ஸ் 158 கிலோ. நால்வராலும் முடிந்தது; அக்காவுக்கு மூன்று முயற்சி, மூச்சு வாங்கியது, ஆனால் தூக்கினார். அந்த நாற்பது கிலோவில் எங்கள் விவாதம் பாதி முடிந்துவிட்டது. 196 கிலோ உள்ள புதிய ஹிமாலயன் 450, 180 கிலோ உள்ள ஆர்டிஎக்ஸ் எல்லாம் அன்றைக்கே பட்டியலின் கீழே போயின.

வண்டி வாங்க யோசிக்கிற தங்கைகளுக்கு ஒன்று: ஷோரூமில் உட்கார்ந்து பார்க்க மட்டும் விடுவார்கள். தெரிந்தவர் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

பின்சீட்டையும் பார்க்க வேண்டியிருந்தது. சாட்சிகளை, பெரும்பாலும் புடவை கட்டிய நடுவயதுப் பெண்களை, பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடுவது நாங்கள்தான். இரவல் எக்ஸ்பல்ஸை எடுத்துக்கொண்டு ஒரு காலனிக்குப் போனபோது அறுபது வயது ஆயா ஒருவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏம்பா, இது வண்டியா குதிரையா? ஏர்றதுக்கு ஒரு ஸ்டூல் போடு." ஸ்டூல் போட்டுத்தான் ஏற்றினோம். ஏறி உட்கார்ந்த பிறகு இறங்க மனசில்லாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார் என்பது வேறு விஷயம். ஆனால் தினமும் ஸ்டூலோடு போக முடியாது. பழைய 100 சிசி வண்டியை விற்பதில்லை என்று அப்போதே முடிவாயிற்று.

பஞ்சர் பற்றி நாங்கள் நினைத்ததைவிட அதிகம் பேசினோம். ஸ்போக் சக்கரம் கல்லில் இடித்தால் வளைந்து கொடுக்கும், ஆனால் எக்ஸ்பல்ஸில் டியூப் இருக்கிறது. பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அலாய் சக்கரத்தில் டியூப் இல்லாத டயர், பத்து நிமிடத்தில் நாமே குச்சி சொருகிக் காற்றடித்துக்கொள்ளலாம், ஆனால் பெரிய பள்ளத்தில் ரிம் விரிசல் விட்டால் கதை முடிந்தது. எந்தக் கிராமத்துச் சாலை முனையிலும் டியூப் ஒட்டத் தெரிந்த ஒரு பஞ்சர் கடைக்காரர் இருக்கிறார். அவரை நம்பலாம் என்று முடிவு செய்தோம். கூட ஒரு ஸ்பேர் டியூப், இரண்டு லிவர், ஒரு கால் பம்பு.

இனி பணம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 60 தருகிற வண்டி மாதம் 2,500 ரூபாய் கேட்கும். 40 தந்தால் 3,750. 30 தந்தால் 5,000. ஹிமாலயன் அந்தக் கடைசி வகை. மாதம் 2,500 கூடுதல் என்றால் எங்களுக்கு அது அலுவலக அறை வாடகையில் பாதி. வரியும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் 40 சதவீதம் ஆனது. 2023 நவம்பரில் 2.69 லட்சத்தில் தொடங்கிய ஹிமாலயன் 450 இப்போது ஷோரூம் விலையிலேயே மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. 350க்குக் கீழே நின்றுகொண்ட ஆர்டிஎக்ஸ் 2025 அக்டோபரில் 1.99 லட்சத்தில் வந்தது. அதுவும் எங்களுக்கு எட்டவில்லை. 2019ல் எக்ஸ்பல்ஸ் வந்தபோது விலை ஒரு லட்சத்துக்குள் தொடங்கியது என்பதை இளையவன் பெருமூச்சோடு நினைவுபடுத்தினான். அப்போது அவன் பதினொன்றாம் வகுப்பு.

கடன் வாங்கலாம் என்று ஒரு ஷோரூமில் பேசினோம். பெயர் வேண்டாம், எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்தபோது கடன் பிரிவுத் தம்பி முகம் மலரவில்லை, அதை எதிர்பார்த்தோம். முகவரியைப் பார்த்ததும் கேட்டான்: "சார், இது எந்த ஏரியா? மெயின் ரோட்டுப் பக்கமா, உள்ளவா?" இளையவன் வீடு காலனிக்குள் இருக்கிறது. "உள்ளன்னா சிஸ்டம் எடுத்துக்காது சார், நெகட்டிவ் ஏரியா." அந்தச் சொல்லை அவன் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். சமூகவியல் வகுப்பில் ‘கட்டமைப்பு’ என்று மூன்று வருடம் படித்ததைக் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு சொல்லாகப் பார்த்தோம். யாருக்கும் யார்மேலும் வெறுப்பு இல்லை. விண்ணப்பம் மட்டும் நகராது. வேறொருவர் முகவரியில் போடலாம் என்று அவனே வழி சொன்னான். வேண்டாம் என்று எழுந்து வந்தோம்.

வண்டிக்கும் நமக்கும் நடுவில் இப்படி யாராவது நிற்பது புதிதில்லை. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1901ல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரையும் அவர் சகோதரரையும் மற்றப் பிள்ளைகளையும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொண்டார்: பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். 1929ல், வெளிநாட்டில் படித்துப் பட்டங்களோடு திரும்பி அரசுக் குழு உறுப்பினராக சாலிஸ்கான் வந்தபோதும் எந்தக் குதிரை வண்டிக்காரரும் அவருக்கு ஓட்டத் தயாரில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவரே ஓட்டினார். சிறு பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. தமிழ்நாட்டில் 1997ல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோது அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று கலவரம் நடந்தது. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்தது. எந்த வண்டி, யார் ஓட்டுவது, யார் பெயர் எழுதியிருக்கிறது என்ற கேள்விகள் இந்த நாட்டில் எந்தக் காலத்திலும் மைலேஜ் பற்றியவையாக மட்டும் இருந்ததில்லை.

சட்டமே இதைச் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015ல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26ல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 3(1)ல் இசட்ஏ என்ற உட்பிரிவின் (பி) பகுதியைப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மோட்டார் சைக்கிள் என்ற சொல்லை நாடாளுமன்றம் சும்மா எழுதவில்லை. அப்படித் தடுப்பவர்கள் இருந்ததால் எழுதியது. அது நடைமுறைக்கு வந்து இரண்டு மாதத்துக்குள் முதல் ஹிமாலயன் விற்பனைக்கு வந்தது என்பது தற்செயல்தான். எங்களுக்கு இரண்டும் ஒரே வரியில் நினைவிருக்கிறது.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு மேலப்பிடாவூர். 2025 பிப்ரவரி 12, சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே. கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் நம் பையன் புல்லட்டில் வீடு திரும்புகிறான். வழிமறித்து இரண்டு கைகளையும் வெட்டினார்கள். இந்தச் சாதியில் பிறந்துகொண்டு புல்லட் ஓட்டுவதா என்று கேட்டு வெட்டியதாகப் புகார். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். கையை ஏன் வெட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகுவது கை.

எங்கள் அப்பா அம்மா தலைமுறைக்குப் புல்லட் சத்தம் கேட்டால் ஒன்று போலீஸ், இல்லை மிராசுதார். 1955ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி அது. திருவொற்றியூரில் ஆரம்பித்து இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை. குமணன்சாவடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்தில் வேலைக்குப் போகிற பையன்கள் எங்கள் காலனிகளில் நிறைய. செய்கிற கை நம்முடையதாக இருப்பதில் யாருக்கும் பிரச்சினை வந்ததில்லை.

தோர்ஸ்டீன் வெப்லன் 1899ல் எழுதிய புத்தகத்தை எம்.ஏ.வில் படித்திருப்பீர்கள்: பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பணக்காரர் செய்கிற செலவு. நம் இளைஞர்கள் பெரிய வண்டி வாங்கினால் உடனே அந்தக் கோட்பாட்டை எடுத்து நீட்டுகிற நண்பர்கள் இருக்கிறார்கள், நம் இயக்கங்களுக்குள்ளும். வெப்லனின் பணக்காரருக்குப் பிறர் பார்த்தால் மதிப்பு கூடியது. நமக்குப் பிறர் பார்த்தால் கத்தி வருகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க முடியுமா? 1995ல் கொடியங்குளத்தில் காவல்துறை உடைத்த பொருட்களின் பட்டியலைப் பாருங்கள், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய டிவியும் வண்டியும் அதில் இருக்கும். 2012 நவம்பர் 7ல் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தபோது வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்களின் கருகிய எலும்புக்கூடுகளைப் படங்களில் எல்லோரும் பார்த்தோம்.

அதனால் ஒரு நடைமுறைச் செய்தி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி என்பதற்காக மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டு ஓட்டாதீர்கள். அதில் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. சொந்தச் சேதமும் அடங்கிய முழுப் பாலிசி எடுத்தால் கலவரம், தீவைப்பு, வேண்டுமென்று செய்த சேதம் எல்லாம் அதில் வரும். ஆர்சி, பாலிசி இரண்டின் நகலும் வீட்டுக்கு வெளியே வேறொருவரிடம் இருக்கட்டும். வீடு எரிந்தால் காகிதமும் எரியும்.

எங்களுக்குள் கடைசி வரை நீடித்த சண்டை இதுதான்: இவ்வளவும் தெரிந்து, கண்ணில் படுகிற வண்டியில் களத்துக்குப் போகலாமா? அக்கா வேண்டாம் என்றார். உண்மை அறியப் போகிறவர் யார் கண்ணிலும் படாமல் போய் வர வேண்டும்; ஊருக்குள் ஒரு பெரிய வண்டி நுழைந்தால் யார் வீட்டு முன்னால் நின்றது என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும்; நாம் குமணன்சாவடிக்குத் திரும்பிவிடுவோம், சாட்சி அங்கேயே இருப்பார். இதற்கு எதிர்வாதம் எங்களிடம் இல்லை. இளையவன் சொன்னது வேறு. இரவல் வண்டியோடு போன அன்று காலனிப் பையன்கள் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு செல்ஃபி. பிளஸ் டூ படிக்கும் ஒருவன் கேட்டானாம்: "அண்ணா, இத நீங்க ஊர்த் தெரு வழியாவே ஓட்டிட்டு வந்தீங்களா? இறங்காமலா?" அந்தப் பையன் மிதிவண்டியைக்கூட அந்தத் தெருவில் உருட்டிக்கொண்டுதான் போகிறான். யாரும் அடிப்பதில்லை, யாரும் எதுவும் சொல்வதும் இல்லை, அப்பா காலத்திலிருந்து அப்படி.

இருவர் சொன்னதும் சரி என்பதால் வேலையைப் பிரித்தோம். சாட்சி பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்களுக்குப் பழைய 100 சிசி, அல்லது பேருந்து. சூளைகள், மழைக்காலம், இரவு அழைப்பு, மிதிவண்டியை உருட்டுகிற தெருக்கள் எல்லாவற்றுக்கும் பெரிய வண்டி.

அலுவலகத்துக்கு அரிசி மூட்டை, நோட்டுப் புத்தகம் என்று உதவுகிற பெரியவர் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு வருத்தத்தோடு சொன்னார்: "சேவை பண்றவங்களுக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிய வண்டி?" நல்ல மனிதர். அவரிடம் 220 மில்லிமீட்டரையும் ஏரிக்கரையையும் விளக்கினோம், ஒத்துக்கொண்டார். இன்னொரு காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறோம். எங்களுக்கு ஊர் சுற்ற ஆசை. ஜவ்வாது மலைக்கு, பழவேற்காட்டுக்கு, பையில் எந்த மனுவும் இல்லாமல், போகிற வழியில் யாருடைய பிரச்சினையும் காத்திருக்காமல், சும்மா போய் டீ குடித்துவிட்டு வர ஆசை. கேமரா மாட்டிய லடாக்காரரிடம் எவரும் ‘எதற்கு’ என்று கேட்பதில்லை. நாங்களும் எல்லாவற்றையும் சேவைக் கணக்கில் எழுதிக்காட்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

முடிவு: இரண்டாம் கையாக ஒரு எக்ஸ்பல்ஸ் 200 4வி, 1,15,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். சீட்டு எடுத்த பணம் 90,000. மீதியை நால்வரும் போடுகிறோம். இழுவையில் ஹிமாலயன் மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் நால்வரும் தூக்கக்கூடிய வண்டி இதுதான். வாங்கும் முன் தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஃபோர்க் ஆயில் சீல், செயின் ஸ்பிராக்கெட், ஸ்போக்குகளின் இறுக்கம், ஸ்டியரிங் பேரிங் எல்லாம் பார்த்தாயிற்று. மண்ணில் ஓடிய வண்டியில் முதலில் தேய்வது இவைதான். ஆர்சி அக்கா பெயரில். அவருக்கு இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ், அதனால் அடுத்த மாதம் ஆர்டிஓ அலுவலகத்தில் எட்டுப் போடப் போகிறார். காலையில் செம்பரம்பாக்கம் பக்கம் பயிற்சி நடக்கிறது.

பாக்கி இருப்பது ஸ்டிக்கர். முன் கண்ணாடியில் பாபாசாகேப் படம் ஒட்ட வேண்டும் என்கிறான் இளையவன், நீலக் கோட்டு, கையில் புத்தகம், ஆர்டர்கூட கொடுத்துவிட்டான். வேலைக்குப் போகிற வண்டியில் எதுவும் வேண்டாம் என்கிறார் அக்கா. கண்ணாடியில் இல்லாமல் பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பக்கத்தில், ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரிகிற மாதிரிச் சின்னதாக ஒட்டலாம் என்று எங்களில் நான்காமவர் சொல்லியிருக்கிறார். இளையவனுக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுகிறோம்.